முள்ளுக்கு அஞ்சிய பிடரி

பெயரை நீ வைத்துக்கொண்டு, பாடுபடுவதை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டுச் சொகுசாகச் சாய்ந்திருக்கிறாயே, உன்னைத்தான் சொல்கிறேன். நழுவாதே. குழந்தைகளோடு உட்கார்ந்து நீயும் கேள்.

ஒரு காட்டில், முட்புதர்களுக்கு நடுவே ஓர் ஊற்று இருந்தது. கோடையில் வேறெங்கும் தண்ணீர் கிடையாது. அதைக் கழுதைப்புலிகள் வளைத்துக்கொண்டு யாரையும் அண்டவிடவில்லை.

ஒரு சிங்கம் முள்ளுக்குள் புகுந்து அவற்றை அடித்து விரட்டியது. அத்தனை சண்டைக்குப் பிறகும் அதன் பிடரிமயிர் கலையவில்லையாம். விலங்குகள் மலைத்துப்போய், "பிடரி குறையாதவரே இனி எங்கள் அரசர்" என்று சட்டம் செய்துவிட்டன.

அந்தச் சட்டமே வினையாயிற்று. முள்ளுக்குள் போனால் பிடரி அறுந்துவிடும் என்று மகன் சிங்கம் பயந்தது. பேரன் சிங்கம் நடக்கவே பயந்து எருமைமேல் ஏறிக்கொண்டது. ஊற்றைக் காக்கும் வேலை அரண்மனைக் கரடியிடம் போயிற்று.

அந்த வம்சத்தில் கடைசியில் பட்டத்துக்கு வந்தது நெடுமுடி என்ற சிங்கம். அதற்குக் காலையில் பிடரி கோதும் வேலை. மாலையிலும் அதே வேலை. நடுவில் கரடி சொன்னதற்கெல்லாம் தலையாட்டும்.

கரடிக்கு அலுத்துவிட்டது. நேரே மலையுச்சிக் கழுகிடம் போயிற்று. கழுகு சொன்னால் அந்தக் காட்டில் மறுபேச்சு கிடையாது. ஆனால் பாவம், அதன் முட்டைகளைக் குரங்குகள் திருடிக்கொண்டிருந்தன.

"குரங்குகளை நான் பார்த்துக்கொள்கிறேன், சாமி. ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்து வையுங்கள். பிடரி வளர்க்கிறவன் அரசனா, ஊற்றைக் காக்கிறவன் அரசனா?"

கழுகு தன் கூட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டது. "காக்கிறவன்தான்" என்றது. பேரம் படிந்தது.

அன்றே கரடி ஏவிய எலிகள் வந்து நெடுமுடியின் பிடரியை ஒட்டக் கத்தரித்தன. வம்சம் முடிந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, இனி நான் யார் என்று நெடுமுடி எருமையிடம் கேட்டது.

"எனக்கென்னங்க தெரியும்? முதுகு லேசாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்றது எருமை.

கரடியாவது ஒழுங்காக இருந்ததா? வெட்டிய பிடரியை அள்ளித் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு, அதே எருமைமேல் ஏறிக்கொண்டது! ஊற்றுக்குக் காவல் இல்லை என்ற சேதி எட்டியதும் கழுதைப்புலிகள் திரும்பி வந்து ஊற்றை வளைத்தன. கரடி பதறிப் பாய்ந்தது. இரவல் பிடரி முள்ளில் மாட்டி, பாதி வழியிலேயே சிக்கி நின்றது.

தாகத்தில் மான்குட்டிகள் துவண்டு கிடந்தன. நெடுமுடி தன் மொட்டைக் கழுத்தைத் தடவிப் பார்த்தது. முள்ளில் மாட்ட அங்கே ஒன்றுமில்லை. குனிந்து உள்ளே நுழைந்தது. நன்றாக அடி வாங்கியது. வாங்கியதற்கு மேல் கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் ஊற்று மீண்டது.

"அண்ணே, அவிழ்த்துவிடுங்கள். உங்கள் பிடரியைத் தந்துவிடுகிறேன்" என்று கரடி கெஞ்சியது.

"அதை முள்ளிலேயே விடு" என்று சொல்லி நெடுமுடி முடிச்சை அவிழ்த்தது. "எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம். வா, இரண்டு பேரும் மாறி மாறிக் காவல் இருப்போம்."

மான்குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. முள்ளில் கிடந்த பிடரியைத் தூக்கணாங்குருவிகள் உருவிக்கொண்டுபோய்க் கூடு கட்டின.

நீதி: பெயர் யாருடையதோ பாடுபட வேண்டியவனும் அவனே, போதும் சாய்ந்திருந்தது, எழுந்து போய் உன் ஊற்றை நீயே காப்பாற்று.