கொடியை விழுங்கிய பொறையன்

ரத்தத்துக்கும் வாய் இருந்து, உடம்புக்குள் ஓடுகிறவர்கள் எல்லாம் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குருவம்மா என்ற ஆடு மேய்ப்பவளின் உடம்பை ஒரு பெரிய படை காவல் காத்துவந்தது. வீரர்கள் கண்ணுக்கே தெரியாத அளவுதான். கோபம் மட்டும் மலையளவு.

அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அந்நியன் நுழைந்தால் நெடுங்கையன் என்ற ஒற்றன் அவனைப் பிடித்துவந்து காட்டிக் கொடி ஏற்றுவான். கொடி ஏறிவிட்டால் அடிக்க வேண்டியதுதான். அதை இறக்க அந்தப் படையில் ஒருவருக்கும் உரிமை கிடையாது.

பொறையனும் அதே படைதான். ஆனால் ஆயுதம் இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்த பயிற்சிக் கூடத்தில், சொந்த ஆட்களையே உற்று உற்றுப் பார்க்கிறான், நாளைக்கு நம்மையே குத்திவிடுவான் என்று வேல் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். "வந்துட்டாருய்யா வெறுங்கை வீரரு!" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவனுக்கு அது வலிக்கத்தான் செய்தது.

ஒரு சித்திரையில் வேம்பு பூத்தது. மரத்தடியில் நின்ற குருவம்மாவின் மூச்சோடு கொஞ்சம் பூந்தூள் உள்ளே போயிற்று. நெடுங்கையன் பதறிப்போய்க் கொடி ஏற்றினான். படை பாய்ந்தது. வீரர்கள் இடுப்பில் கட்டியிருந்த எரிநீர்ப் பைகள் வெடித்தன. மூச்சுக்குழாய் வீங்கி, காற்று வரும் வழி ஊசிக்காதாகச் சுருங்கியது.

பொறையன் படைத்தலைவன் முறுக்கனிடம் ஓடினான்.

"அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க. வந்தது வெறும் பூந்தூளுண்ணே!"

"கொடி பறக்குதுல்ல? போடா அங்கிட்டு!"

"அவ மூச்சு நின்னுட்டா நாம யாரைண்ணே காக்குறது?"

"கொடியில கை வச்சே, உன் உசுரு உனக்கு இல்ல."

குருவம்மாவின் இதயம் தாறுமாறாக அடிப்பது பொறையனுக்குக் கேட்டது. நெடுங்கையனைக் கட்டிப் பிடித்தான், கொடியைப் பிய்த்தான், மறுபடி யாரும் ஏற்றிவிடாதபடி வாயில் போட்டு விழுங்கியே விட்டான்!

கொடி இல்லாமல் யாரை அடிப்பது என்று தெரியாமல் படை நின்றது. முறுக்கன் வேலை ஓங்கிக்கொண்டு அவன்மேல் பாய்ந்தான்.

அப்போது காற்று வந்தது. முதலில் நூலாக வந்தது, பிறகு மடை திறந்ததுபோல் வந்தது. குருவம்மாவின் மார்பு விரிய விரிய, அவர்கள் நின்ற உலகமே எழுந்து, மெல்லத் தாழ்ந்தது. இத்தனை காலம் அதற்குள்ளேயே இருந்தும், ஒரு முழு மூச்சை அவர்கள் நின்று பார்த்ததே இல்லை. ஓங்கிய வேல் முறுக்கனின் கையில் தானாகவே இறங்கியது.

"இம்புட்டு நாளா நாம காத்தது இதையாடா?" என்றான்.

அன்று முதல்தான் நம் ஒவ்வொருவர் ரத்தத்திலும் பொறையனின் வழிவந்த சிலர், ஏறிய கொடியை இறக்குவதற்கென்றே படையோடு நடக்கிறார்கள்; அவர்கள் வந்துசேராத உடம்புதான் பூந்தூளுக்கும் மூச்சுத் திணறுகிறது.