தார்ப்பாய்க்கு அடியில

"ரெண்டுல எதுன்னு ஒரே வார்த்தையில கேட்டா நான் எப்படிண்ணே சொல்றது?"ன்னு நசீமா டீச்சர் முக்காலி ஸ்டாண்டோட காலை மண்ணுல மிதிச்சு இறுக்கினாங்க.

தேவசகாயம் விடல.

"ஏஐ எதை முதல்ல முழுங்கும்? நான் கம்ப்யூட்டர்ல மேப் போடுறதையா, நீங்க வெயில்ல நின்னு நிலம் அளக்குறதையா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்."

அவருக்கு நாப்பத்தெட்டு. டீச்சருக்கு முப்பத்தொண்ணு. ஞாயித்துக்கிழமை சர்வே கிளாஸ்ல அவர்தான் மூத்த மாணவர். மத்த பிள்ளைங்க அவரை பிரின்சிபால்னு கூப்பிடும்.

பதினாறு வருஷமா சாட்டிலைட் படத்தைப் பார்த்து, கூரை கூரையா கோடு போட்ட மனுஷன். இப்ப அந்த வேலையை மெஷின் டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுது. அது போட்டதைச் சரிபார்க்க ரெண்டு பேர் போதுமாம். இருக்கீங்களா, கிளம்புறீங்களா, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்கன்னு மேனேஜர் கேட்டிருந்தாரு. அதான் டீச்சர் அளக்குற தெருவுக்கே தேடி வந்துட்டாரு.

"உங்க பக்கம் வந்துட்டா தப்பிச்சிடுவேன்ல?"

டீச்சர் நிழல்ல இருந்த பெட்டியைக் காட்டினாங்க.

"முன்னாடி நிலம் அளக்குற சங்கிலி பிடிக்க நாலு பேர் வருவாங்க. இன்னைக்குக் காலையில இந்தத் தெருவை அந்த டிரோன் இருபது நிமிஷத்துல படம் எடுத்துருச்சு. ஏஐ வரைஞ்சும் குடுத்துருச்சு. அது உள்ள தூங்குது. நான்தான் வெயில்ல நிக்கிறேன்."

"அப்ப ரெண்டுமே போச்சா?"

டீச்சர் தண்ணி பாட்டிலை நீட்டினாங்க.

வாங்கிக் குடிச்சாரு. இதுல ஏதும் பதில் இருக்கோன்னு கொஞ்சம் யோசிச்சும் பார்த்தாரு.

வெறும் தண்ணிதான்.

டீச்சர் டேப்லெட்டை அவர் கையில வச்சாங்க.

"ஏஐ போட்ட மேப். இதை வச்சுத்தான் வீட்டுக்கு வீடு பட்டா குடுப்பாங்க. பாருங்க."

"என்ன பார்க்கணும்?"

"அது தெரிஞ்சா உங்களை ஏன் கேக்குறேன்?"

பார்த்தாரு. சுத்தமான கோடு. தன் கோட்டைவிட நல்லா இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு, வாய்விட்டுச் சொல்லல.

பதினோராவது கூரையில விரல் நின்னுச்சு.

"இது ஒரு வீடு இல்ல. ரெண்டு."

"ஒரே நீலக் கூரைதானே தெரியுது?"

"தார்ப்பாய் டீச்சர். நடுவுல தொய்ஞ்சு கிடக்கு பாருங்க. நானும் ஒரு தடவை கல்யாணப் பந்தலை வீடுன்னு போட்டுட்டேன். நேர்ல பார்க்கப் போன பையன் போன் பண்ணி, 'சார், உங்க வீட்டைப் பிரிச்சு லாரியில ஏத்துறாங்க'ன்னான்."

டீச்சர் சிரிச்சிட்டாங்க. "அடியில என்ன?"

"சந்து இருக்கணும். பின்வீட்டுக்கு வேற வழியே இல்ல. உள்ள இருக்கறவங்க பறந்தா போவாங்க?"

ரெண்டு பேரும் நடந்தாங்க.

தார்ப்பாய் இருந்துச்சு. அடியில ஒரு பைக், கொஞ்சம் விறகு, மூணடிச் சந்து. பின்வீட்டு வாசல்ல பேச்சியம்மா, ஈரத் துணியும் கையுமா.

"மழைக்குக் கட்டினது சார். எங்க ரெண்டு வீட்டுக்கும் பொதுப் பாதை."

முன்வீட்டு குருசாமி வெளிய வந்து டேப்லெட்டை எட்டிப் பார்த்தாரு.

"மேப்புல ஒரே வீடுன்னுதானே வந்திருக்கு? பட்டா என் ஒருத்தன் பேருக்கு வந்தா நான் என்ன பண்ண முடியும்?"ன்னாரு, ரொம்ப அப்பாவியா.

பேச்சியம்மா கையில இருந்த துணி கீழ விழுந்துச்சு. எடுக்கல.

எல்லையைச் சொல்லும்போது ரெண்டு வீட்டு ஆளையும் எதிரெதிர நிக்க வச்சுச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் கையெழுத்து. டீச்சர் கிளாஸ்ல சொல்லிக் குடுத்த முதல் பாடம்.

தேவசகாயம் மெதுவா கேட்டாரு. "எல்லையை நீங்க சொல்லிடுவீங்கல்ல?"

"டிரோன் பார்க்கல. ஏஐ பார்க்கல." டீச்சர் குரலைத் தாழ்த்தினாங்க. "காலையில ரெண்டு தடவை இந்தப் பக்கமா நடந்தேன். நானும் பார்க்கலண்ணே."

அவர் அவங்களையே பார்த்தாரு. அளக்குற டேப்போட ஒரு நுனியை டீச்சர் அவர்கிட்ட நீட்டினாங்க. வாங்கிக்கிட்டாரு.

"டீச்சர், நான் கேட்டதுக்கு…"

"ம், கேளுங்க."

சந்துக்குள்ள குருசாமி சத்தம் ஏறிச்சு. அதுக்கு மேல பேச்சியம்மா சத்தம்.

"அண்ணே! பாதையைப் பார்த்த அண்ணே! இவரு இல்லவே இல்லைங்கிறாரு, செத்த வந்து நில்லுங்களேன்!"

"இந்தா வர்றேம்மா"ன்னு தேவசகாயம் உள்ள போயிட்டாரு.