சம்மட்டிக் குத்தும் உடும்புப் பிடியும்

முன்னொரு காலத்தில் மேழிநாட்டை வீரகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதிலும் இரண்டு இருந்தால் பொறுக்கமாட்டார். இரண்டு மாம்பழம் கொடுத்தால், எது இனிப்பு என்று விசாரித்து மற்றதைத் தூக்கி எறிந்துவிடுவார்.

அவருடைய அமைச்சர் தெள்ளியார். அவர் அறிவை ஊரே மெச்சும். உடம்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை, சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. "வாழ்நாளில் நான் போட்டது ஒரே சண்டை. ஊறுகாய் ஜாடி மூடியோடு. மூடிதான் ஜெயித்தது" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்நாட்டில் இரண்டு மல்லர்கள் இருந்தார்கள். சம்மட்டி மாடன் தள்ளி நின்றே குத்துவான், உதைப்பான். உடும்பு வேலன் குத்தவே மாட்டான். பாய்ந்து காலை வாரிக் கீழே தள்ளி, எதிராளி தரையில் கையைத் தட்டிக் கெஞ்சும்வரை விடமாட்டான். மூன்று முறை மோதியும் இருவரும் சமமாகவே நின்றார்கள். ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே சபையைக் கூட்டினார்.

சேனாதிபதி வல்லங்கர் எழுந்தார். பல போர்களைப் படையின் கடைசி யானைமேல் உட்கார்ந்தே ஜெயித்தவர் அவர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"ஒரு கோதாவுக்கு எதற்கு மகாராஜா இரண்டு மல்லர்? யார் சண்டை மட்டம் என்று அமைச்சர் ஒப்பிட்டுச் சொல்லட்டும். அவனைக் குடும்பத்தோடு நாடு கடத்திவிடலாம்."

"எனக்குக் குத்துக்கும் பிடிக்கும் வித்தியாசமே தெரியாதே, மகாராஜா!"

"நாளைக்குள் தெரிந்துகொள்ளும்" என்றார் ராஜா. "இல்லாவிட்டால் பதவியை வல்லங்கரிடம் கொடுத்துவிட்டுப் போம்."

சாயங்காலம் மாடன் அமைச்சர் வீட்டுக்கு வந்தான். "ஐயா, என்னையே மட்டம்னு சொல்லிடுங்க. வேலன் பொண்டாட்டி பிள்ளை பெத்துப் பத்து நாள்தான் ஆகுது" என்றான்.

அவன் போனதும் வேலன் வந்தான். "என்னைச் சொல்லிடுங்க ஐயா. மாடனோட அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. புது ஊர்ல அது எப்படிங்க நடமாடும்?"

அதுவரை தன் பதவியை மட்டும் நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்ததற்குத் தெள்ளியார் வெட்கப்பட்டார்.

மறுநாள் எல்லோரும் கோதாவில் கூடினார்கள். தெள்ளியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"மகாராஜா, கோதாவுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. தீர்ப்புச் சொல்கிறவர் மண்ணைப் பூசிக்கொண்டு இறங்கி, இரு மல்லரிடமும் ஒரு கை பார்க்க வேண்டும். அதனாலோ என்னவோ, உங்கள் பாட்டனார் காலத்தில் யாரும் தீர்ப்பே சொன்னதில்லை."

"வழக்கப்படியே நடக்கட்டும்" என்றார் ராஜா.

"மாடா, குத்து."

"ஐயா, வேண்டாங்கய்யா!"

"குத்துப்பா. மெதுவாகத்தான், ஆனால் குத்து மாதிரி இருக்கட்டும்."

மாடன் இரண்டு விரலால் தட்டினான். தெள்ளியார் நாலு முழம் தள்ளிப் போய் விழுந்தார். எழுந்ததும் வேலன் பிடித்தான். அமைச்சர் துவைத்த வேட்டிபோல் மடிந்தார்.

"எப்படி இருந்தது?" என்று ராஜா ஆவலோடு கேட்டார்.

"குத்தில், எப்போதோ செத்துப்போன என் தாத்தா தெரிந்தார், மகாராஜா. பிடியில் அவருடைய தாத்தாவும் தெரிந்தார். யார் உசத்தி என்று நான் எப்படிச் சொல்ல? இருவருமே பெரியவர்கள். தவிர, என்னைக் கொசுகூடத் தள்ளிவிடும், என் பேச்சு எடுபடாது. பலசாலியான சேனாதிபதி இறங்கட்டும்."

வல்லங்கர் முகம் வெளுத்தது. "இன்றைக்கு... முழங்கால் வலி..."

"மாடன் முழங்காலைத் தொடமாட்டான். மூக்கோடு நிறுத்திக்கொள்வான்" என்றார் தெள்ளியார்.

"மகாராஜா! யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் சமம்தான்!"

"அடி வாங்காமலே எப்படித் தெரிந்தது?" என்றார் ராஜா. வல்லங்கர் தலையைத் தொங்கப்போட்டார்.

"அப்படியானால் மிச்சம் இருப்பது மகாராஜாதான்" என்று தெள்ளியார் ஒரு பிடி மண்ணை அள்ளி நீட்டினார். ராஜா மண்ணைப் பார்த்தார். சொடக்கு எடுத்துக்கொண்டிருந்த மாடனைப் பார்த்தார். மெல்லக் காலை ஆசனத்தின்மேல் இழுத்துக்கொண்டார்.

"சமம்! சமம்!" என்றவர் தானே சிரித்துவிட்டார். "உட்கார்ந்த இடத்திலிருந்து அடிதடியை எடைபோட்டேனே, என் புத்தியை என்ன சொல்ல! இருவரும் இங்கேயே இருக்கட்டும். வல்லங்கரே, இனி இந்தக் கோதாவுக்கு நடுவர் நீர்தான். ஒவ்வொரு சண்டைக்கும், வழக்கப்படி! தெள்ளியாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"ஒன்று சொல்ல மட்டும் அனுமதி வேண்டும், மகாராஜா. நேற்று இவன் வந்து தன்னை மட்டம் என்று சொல்லச் சொன்னான். இவன் போனதும் அவன் வந்து அதையே சொன்னான். அந்தப் போட்டியில் யார் பெரியவன் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை."

மாடன் வேலன் பக்கம் திரும்பினான்.

"நீயுமாடா?"

இருவரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். நடுவில் தெள்ளியார் நிற்பதை இருவருமே கவனிக்கவில்லை.

"விடுங்கப்பா!" என்று உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. "தீர்ப்பு கிடைத்துவிட்டது! குத்தைவிட, பிடியைவிட, இதுதான் அதிகமாக வலிக்கிறது!"