இறங்கி வராத சாமி

ஆம்பல் குளத்துக் கரையில் ஒரு நரி நாடகம் போட்டு வந்தது. யவன நாடுவரை பறந்துவிட்டு வந்த நாரை அதற்குக் கூட்டாளி.

"அங்கே நாடகங்களில் கதாநாயகன் வசமாக மாட்டிக்கொண்டால், மேலேயிருந்து கயிற்றில் ஒரு சாமியை இறக்கிக் காப்பாற்றிவிடுவார்கள்" என்று நாரை ஒருநாள் சொன்னது. நரிக்குக் கொண்டாட்டம். இனி முடிவுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாமே!

அதன்பிறகு எல்லா நாடகத்திலும் நாயகன் மாட்டிக்கொள்வான். நாரை சாமி வேஷத்தில் இறங்கி, அவனைத் தூக்கிக்கொண்டு பறக்கும். ஐந்தாவது நாடகத்தில் கூட்டம் கொட்டாவி விட்டது. எருமை பாதியில் எழுந்து போனது.

"அடுத்ததும் இப்படித்தான் என்றால், மேடையைத் தவளைக் கச்சேரிக்குக் கொடுத்துவிடுவேன்" என்றது சிங்கராஜா.

ஆறாவது நாடகத்தில் முயல்தான் ராஜா. அதன் கோட்டைக்கு ஓர் ஆள்காட்டிக் குருவி காவல். "எதிரி வருகிறான்" என்று அது ஓயாமல் கத்தியது. தூக்கம் கெட்ட ராஜா அதை நாடு கடத்தினார். மறுநாளே ஓநாய்ப் படை கோட்டையைச் சூழ்ந்தது.

முயல் கைகளை உயர்த்தி, "சாமி, காப்பாற்று" என்றது. யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. கூட்டம் சிரித்தது.

மேடையை ஒட்டிய புதருக்குள் நரிக்கு வியர்த்தது. பக்கத்தில் நாரை வயிறு புடைக்கப் படுத்திருந்தது.

"எழுந்து பறடா" என்றது நரி.

"பெரிய விரால் மீனாகப் பார்த்துத் தின்றுவிட்டேன், அண்ணே. நிற்கவே முடியவில்லை."

நரி தலையில் கைவைத்து உட்கார்ந்தது. தன் கதையை முதன்முறையாக யோசித்துப் பார்த்தது. ராஜா ஏன் மாட்டிக்கொண்டார்? அவர் கெட்டவரா? இல்லை. தூக்கத்துக்கு ஆசைப்பட்டு ஒரே ஒரு தப்பு செய்தார். அவ்வளவுதான்.

"காவலைக் கூப்பிடு" என்று முயலிடம் கிசுகிசுத்தது.

முயல் மதிலைப் பார்த்து, "ஆள்காட்டி, நீ ஏன் கத்தவில்லை?" என்று கேட்டது. மதில் வெறுமையாக இருந்தது. முயலின் குரல் உடைந்தது. "ஐயோ, நான்தானே உன்னை விரட்டினேன்."

ஓநாய்கள் உள்ளே நுழைந்தன. நாடகம் முடிந்தது.

சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது. எருமை விசும்பியது. சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"ஓயாமல் தொணதொணக்கிறது என்று நம் காட்டுக்குக் காவல் இருந்த கருங்குரங்கைப் போன வாரம் துரத்திவிட்டேனே. யாராவது போய்க் கூட்டிவாருங்கள்" என்றது.

அழுது தீர்த்த விலங்குகள் மனம் லேசாகி வீடு திரும்பின. நரி மட்டும் அங்கேயே உட்கார்ந்து, பழைய ஐந்து நாடகங்களின் முடிவையும் திருத்திக்கொண்டிருந்தது.

செய்த செயலிலிருந்து பிறக்கும் முடிவுதான் நெஞ்சைத் தொடும். வானத்திலிருந்து வந்து குதிக்கும் முடிவு கதைக்கும் உதவாது, வாழ்க்கைக்கும் உதவாது.