ஞானசிகாமணி சாரின் ரிமோட்

குண்டு மானிட்டர்கள் காலத்தில் திருச்சியில் எங்களுக்கு ஒரு மாடி ஆபீஸ், அதில் ஒரே ஒரு ஏசி. ரிமோட் எப்போதும் மேனேஜர் ஞானசிகாமணி சாரின் சட்டைப்பையில்தான் இருக்கும். யார் கேட்டாலும் காரணம் விசாரிப்பார். இருபத்து நாலுக்குக் கீழே இறக்கவே மாட்டார்.

அப்போது ஒரு பால் பண்ணையின் குளிர் அறைக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். வேலைக்குப் புதிதாக வந்த ஜெசிந்தா, அறையின் டெம்பரேச்சரை, புரோகிராமின் வேறு எந்தப் பகுதியும் நேராகத் தொட முடியாதபடி, பிரைவேட் என்று பூட்டி வைத்திருந்தாள். மாற்ற வேண்டுமானால் அவள் எழுதிய ஃபங்ஷன் என்கிற சின்னப் புரோகிராம் துண்டிடம்தான் கேட்க வேண்டும். பால் கெட்டுப்போகிற அளவு என்றால் அது மறுத்துவிடும்.

சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் புரோகிராம்ல நானே அனுமதி கேக்கணுமா? எல்லாத்தையும் பப்ளிக் ஆக்கு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

"ஆக்கிடறேன் சார். அதுவரைக்கும் உங்க ரிமோட்டும் பொது மேஜையில இருக்கட்டுமே?"

"இருக்கட்டும், அதனால என்ன?" என்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் தலை மறைந்ததும் போட்டி ஆரம்பித்தது. வியர்த்தவன் பதினாறுக்கு இறக்கினான், சளி பிடித்தவள் முப்பதுக்கு ஏற்றினாள். சார் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஏசி ஒருமுறை உறுமிவிட்டு நின்றேபோனது.

"யாருய்யா கை வெச்சது? என்னைக் கேட்டுட்டுத் தொட வேணாமா?"

"அதையேதான் சார் நானும் எழுதியிருந்தேன்" என்றாள் ஜெசிந்தா.

சார் ரிமோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "உன்னோடது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

ரிப்பேர்க்காரர் வரும்வரை, ஓடாத ஏசியின் ரிமோட் அந்தப் பையிலேயே இருந்தது. இன்றும் பிரைவேட் என்று தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டைப்பைதான் ஞாபகம் வருகிறது.