பக்கத்து வீட்டு மாடி

கிரைண்டர் ஓடும் சத்தத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எனக்கு அது நிற்கும் சத்தம்தான் பன்னிரண்டு வருஷமாகியும் காதில் இருக்கிறது. கல் இரண்டு சுற்று தயங்கும். பிறகு ஒரு பெருமூச்சு. அதன்பின் காந்திமதியின் குரல்: "போச்சா!"

எங்கள் கீழவாய்க்கால் தெருவில் தினமும் மத்தியானம் மின்சாரம் போகும். வாய்க்காலுக்கு அக்கரையில், ஆசிரியர் காலனியில், போனாலும் தெரியாது. அங்கே மாடிக்கு மாடி சோலார் பேனலும் பேட்டரியும். இக்கரையில் ஒன்றுகூட இல்லை. வெயில் என்னவோ இரண்டு கரையிலும் ஒன்றாகத்தான் அடித்தது.

தெருச் சங்கத் தலைவர் தாணுமூர்த்தி வீட்டு முன்னறையில் காந்திமதி வாடகைக்கு மாவுக்கடை வைத்திருந்தாள். பாதி அரைபட்ட உளுந்து கல்லிலேயே புளித்துப்போகும். இன்னொரு கோடை வந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்றாள்.

சங்கம் பொற்கொடி என்ற சோலார் இன்ஜினியரை வரவழைத்தது. "அக்கரையில முதல்ல ஒரே வீட்டுலதான் போட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்தாங்க, அவங்களும் போட்டாங்க. அப்படியே பரவிடுச்சு. நீங்களும் பக்கத்து வீட்டைப் பாருங்க," என்றாள் அவள்.

பார்த்தோம். மறுநாள் காலையிலிருந்து முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் மாடியேறி அடுத்த மாடியைப் பார்த்தபடி நின்றோம். கல்லூரியில் படித்த நானும் நின்றேன். மூன்றாம் நாள் சொரிமுத்துவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அவருடையது கடைசி வீடு, பார்க்க ஒரு பக்கம்தான் உண்டு.

கீழே கிரைண்டர் நின்றது. காந்திமதி மாடிக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, செலவு என்னோடது. மாடியை மட்டும் குடுங்க. நான் முதல்ல போடுதேன்."

"யாரைப் பார்த்துப் போடுதே?" என்றார் தாணுமூர்த்தி.

"யாரையும் பார்க்கல. வெயிலைப் பார்த்தேன்."

"ஏளா, வெயிலு என்ன, பக்கத்து வீடா?"

அன்று மாலை சங்கம் கூடியது.

"முதல் வீடுன்னு ஒண்ணு இருக்கதாலதானடே சிக்கல்? அதை எடுத்துட்டா?" என்றார் தாணுமூர்த்தி.

"ரெண்டுல இருந்து ஆரம்பிச்சிரலாம் அண்ணாச்சி," என்றார் சொரிமுத்து, கழுத்தைத் திருப்பாமல்.

தலைவர் தம் வீட்டுக் கதவிலிருந்த ஒன்று என்ற எண்ணை அழித்து இரண்டு என்று எழுதினார். இரண்டு மூன்றாயிற்று. சொரிமுத்து முப்பத்தொன்பதுக்குப் போனார். இரண்டு வாரம் அடுத்தவர் கடிதங்களைப் படித்தோம். சொரிமுத்துவின் மகனை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் முப்பத்தெட்டாம் எண்ணுக்குள் நுழைந்து, அங்கிருந்த பையனைப் பிடித்துப்போய்த் தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்.

பொற்கொடி லாரியில் பேனல்களோடு வந்தாள். "எந்த வீட்டுல தொடங்கலாம்?"

"ஒண்ணாம் நம்பர்ல," என்றோம் எல்லாரும். "அங்க போட்டதும் நாங்க பின்னாலேயே போட்டிருவோம்."

அவள் தெருவை இரண்டு முறை நடந்து பார்த்தாள். பிறகு லாரியை அக்கரைக்குத் திருப்பினாள். அதே லாரியில் காந்திமதி கிரைண்டரை ஏற்றினாள்.

ஒரு மாதம் கழித்துத் தாணுமூர்த்தி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அவ மாடியில பேனல் பளபளன்னு இருக்கு. கரண்ட் போயும் கிரைண்டர் ஓடுது."

"அப்ப நாமளும் போட்டிரலாமா அண்ணாச்சி?"

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். "போடலாம். ஆனா அவ இப்ப பக்கத்து வீடு இல்லையேடே."

காந்திமதி இப்போது அக்கரையில் மூன்று கிரைண்டர் ஓட்டுகிறாள். எங்கள் தெரு முழுக்க அவளிடம்தான் மாவு வாங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் தூக்குவாளியோடு கிளம்பிவிட்டாரா என்று பார்த்துவிட்டு.