ஒரு முழம் தள்ளி

கோட்டைச்சாமி முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஒரு வழக்கு கிடையாது, வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆசிரமத்துக்கு வந்தார். வந்த இடத்திலும் வேன் சாவியைத்தான் கையில் கொடுத்தார்கள். நாலு வருஷம் முகம் சுளிக்காமல் ஓட்டினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, தீட்சை. குருவான மங்களவல்லி அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். வரும் பௌர்ணமியன்று தருவதாகச் சொல்லியிருந்தார்.

பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னால் அது நடந்தது. கண்மாய்க்கரைச் சாலை குறுகல். பால்காரர் சோலைமலை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். கோட்டைச்சாமிக்கு என்ன அவசரமோ, நீளமாக ஒரு ஹாரன் அடித்து அவரை ஒட்டிக் கடந்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் சைக்கிள் கரைச்சரிவில் கிடந்தது. ஆள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து சோலைமலை பால் கொண்டு வரவில்லை. ஆசிரமமே வரக்காப்பி குடித்தது.

பௌர்ணமி காலையில் அம்மா அவரைக் கூப்பிட்டார். எல்லாம் தயார், அபிஷேகத்துக்குப் பால்தான் இல்லை, பாக்கெட் பால் ஆகாது என்றார்.

கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்றது. பத்து நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டார்.

"நான் அவரைத் தொடக்கூட இல்லைம்மா. ஒரு முழம் தள்ளித்தான் போனேன். இதுல என் தப்பு என்ன?"

அம்மா ஒரு பால் கேனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அவர் வீட்டுல போய்ப் பால் வாங்கிட்டு வாங்க. வேன் வேண்டாம். அவர் சைக்கிளையே கேட்டு வாங்கிக்குங்க."

நடந்தே போனார். சோலைமலை அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வாங்கண்ணே" என்று உட்காரவைத்துக் கேனில் பாலை ஊற்றினார். சாலையில் ஏதோ ஒரு ஹாரன் கேட்டது. ஊற்றிய கை அப்படியே நின்றது. வண்டி போகும்வரை சோலைமலை தலையை நிமிர்த்தி வாசலையே பார்த்தார். கோட்டைச்சாமி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சைக்கிளைக் கொடுக்கும்போது சோலைமலை ஒன்றுதான் சொன்னார்.

"கண்மாய்க்கரையில மூணாவது புளியமரத்துக்கிட்ட மட்டும் இறங்கித் தள்ளிட்டுப் போயிருங்கண்ணே."

மலைப்பாதையில் பத்து டன் ஏற்றி இறக்கியவருக்குச் சைக்கிள் ஒரு பெரிய விஷயமா. இறங்காமல் மிதித்தார்.

மூன்றாவது மரத்தைத் தாண்டவில்லை, பின்னால் நீளமாக ஒரு ஹாரன். அவர் அடிப்பதும் அப்படித்தான். திரும்பிப் பார்ப்பதா, நேரே போவதா என்று புரியவில்லை. தோளுக்குப் பக்கத்தில் ஒரு பஸ் சுவர் மாதிரி எழுந்தது. காற்று அவரை வெளியே தள்ளியது, உடனே உள்ளே இழுத்தது. ஹேண்டில்பார் கைக்கு அடங்கவில்லை. சக்கரம் தார் விளிம்பைவிட்டு மண்ணில் இறங்கியது. தொலைந்தோம் என்று நினைத்தார்.

கண்ணைத் திறந்தபோது சைக்கிளோடு மண்ணில் கிடந்தார், பஸ் போய்விட்டிருந்தது. முட்டியில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனாலும் அழுகை வந்தது, இந்த வயதில் ரோட்டோரத்தில் அழுவது அவருக்கே வெட்கமாக இருந்தது. கேனின் மூடி தெறித்து எங்கோ கிடந்தது.

மிச்ச தூரம் முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். உள்ளே எல்லாரும் தீட்சைக்காகக் காத்திருந்தார்கள். அம்மா வாசலுக்கு வந்தார். பஸ் வந்ததையும் விழுந்ததையும் கோட்டைச்சாமி திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

"அடிச்சுட்டானா?"

"இல்லைம்மா."

"உரசினானா?"

"இல்லை. ஒரு முழம் தள்ளித்தான்..."



அம்மா கேனை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஈரமண் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"யாரும் தொடலையே. அப்புறம் பால் எங்கே போச்சு?"